ஒரே பாட்டு, நாலு தொண்டை

வணக்கம் சார்,

ஜேம்ஸ் பாண்ட் படப் பாடல்களைப் பற்றிய உங்கள் பழைய கட்டுரையை இப்போதுதான் வாசித்தேன். அதில் 'லிவ் அண்ட் லெட் டை' பாட்டுக்கு வரும்போது, கன்ஸ் அன் ரோஸஸ் ராக் குழு பாடியதை "வெறும் இரைச்சல்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம். அண்ணன் வைத்திருந்த கேசட்டில் அந்தப் பாட்டைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவன் நான். அது வேறொருவருடைய பாட்டு என்பதே கல்லூரி முடித்த பிறகுதான் தெரியும். அப்புறம் மூலத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் சப்பென்று இருந்தது. பால் மெக்கார்ட்னி ஏதோ தாலாட்டு மாதிரி ஆரம்பிக்கிறார். நடுவில் சம்பந்தமே இல்லாமல் ரெகே என்கிற ஜமைக்கா பாணி இசை வேறு. பாட்டுக்கு உயிர் கொடுத்ததே கன்ஸ் அன் ரோஸஸ்தான் என்று நினைக்கிறேன். தப்பா? வேறு யாராவது இதைப் பாடியிருந்தால் அவற்றையும் சேர்த்து ஒப்பிட்டு எழுத முடியுமா? இன்னொரு சின்னச் சந்தேகம்: 'இன் விச் வி லிவ் இன்' என்று ஒரு வரி வருகிறதே, அது இலக்கணப் பிழைதானே?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

"வெறும் இரைச்சல்" என்பது அவசரத்தில் எழுதியதுதான். எடுத்துப் பார்த்தேன். இருபது சொச்சம் பாடல்களுக்கு ஆளுக்கு ஒரு வரி என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு வரியில் பாராட்டுவது கஷ்டம், திட்டுவது சுலபம். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து மூன்று நாளாக ஹெட்போனும் காதுமாகத் திரிகிறேன். வீட்டில் அந்தப் பாட்டின் பெயரை எடுத்தாலே இப்போது எழுந்து போய்விடுகிறார்கள்.

அது கன்ஸ் அன் ரோஸஸின் சொந்தப் பாட்டு என்று நினைத்தது நீங்கள் மட்டும் இல்லை. மெக்கார்ட்னியின் பிள்ளைகளே பள்ளிக்கூடத்தில் 'இது எங்கப்பா எழுதினது' என்று சொல்லப்போக, கூடப் படித்தவர்கள் நம்பவில்லையாம். அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் எழுதியது 1972இல். இயன் ஃபிளெமிங்கின் அதே பெயர் கொண்ட நாவலை ஒரு சனிக்கிழமை படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாட்டை எழுதிவிட்டார். மனைவி லிண்டாவுக்கும் பங்கு உண்டு. பாட்டில் இருவர் பெயரும் இருக்கும். பீட்டில்ஸ் காலத்துத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினைக் கூப்பிட்டுக்கொண்டு, தன் விங்ஸ் குழுவோடு அக்டோபரில் பதிவு செய்தார். மார்ட்டின் அதைக் கொண்டுபோய்ப் படத் தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மனுக்குப் போட்டுக் காட்டினார். சால்ட்ஸ்மன் கேட்டு முடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, சரி, யாரைப் பாட வைக்கலாம் என்றார். பீட்டில்ஸ்காரர் ஒருவர் பாடி, முழு ஆர்கெஸ்ட்ராவோடு கச்சிதமாக முடித்துக் கொடுத்ததை மனிதர் டெமோ, அதாவது மாதிரிப் பதிவு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்! அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது கனமான ஒரு பெண் குரல். மார்ட்டின்தான் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் புரியவைத்தார். அதாவது, இந்தப் பாட்டு வெளிவருவதற்கு முன்பே அதற்கு ஒரு கவர், வேறொருவர் திரும்பப் பாடிய வடிவம், வேண்டும் என்று ஒருவர் கேட்டாகிவிட்டது.

இப்போது உங்களுக்குச் சப்பென்று பட்ட இடத்துக்கு வருவோம்.

தாலாட்டு என்றீர்கள். நல்ல சொல். தாலாட்டாக இருந்தால்தான் வேலை நடக்கும். இளவயதில் உன் இதயம் திறந்த புத்தகமாக இருந்தது, 'வாழு, வாழவிடு' என்பாய் என்கிறது அந்த வரி. மெக்கார்ட்னி அதைக் கள்ளம் கபடம் இல்லாமல் பாடுகிறார். அடுத்து என்ன வரப்போகிறது என்று அந்தக் குரலுக்கே தெரியாது. அரை நிமிடம் இப்படியே போகிறது. அப்புறம் அதே வாக்கியம் திரும்ப வருகிறது, ஒரே ஒரு சொல் மாறி. 'வாழவிடு' இருந்த இடத்தில் 'சாகவிடு'. அந்தச் சொல்லின் தலைமேல் ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் வந்து விழுகிறது. மாரிஸ் பிண்டர் செய்த டைட்டில் காட்சியை முடிந்தால் பாருங்கள். ஒரு பெண்ணின் முகம். சொல் விழுந்ததும் அது எரிகிற மண்டையோடு.

ஹெட்போனில் கேட்டால் ஒன்று தெரியும். இரண்டுக்கும் நடுவில் பாலம் கிடையாது. மெதுவான பாட்டு வேகத்துக்குப் போகவேண்டும் என்றால் ஒரு டிரம் உருட்டல், கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் வயலின்கள் என்று ஏதாவது ஒரு படிக்கட்டு வைப்பார்கள். இங்கே மாடியிலிருந்து நேராகத் தள்ளிவிடுகிறார்கள். விழுந்து எழுவதற்குள் இன்னொரு தள்ளு: ரெகே. மறுபடி வேகம், மறுபடி தாலாட்டு. மூன்று நிமிடச் சொச்சத்தில் மூன்று பாட்டு. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மூன்று துணிகளை, தையல் வெளியே தெரியும்படி தைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பாட்டில் பிடித்ததே அந்தத் தையல்தான். இந்த வாத்திய அமைப்புக்காக மார்ட்டினுக்கு கிராமி விருது கொடுத்தார்கள். அதனால் யார் இதைத் திரும்பப் பாடினாலும் நான் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது அங்கேதான்.

ரெகே ஏன் வருகிறது என்றால், கதையில் ஒரு பகுதி கரீபியத் தீவு ஒன்றில் நடக்கிறது. சான் மோனிக் என்று கற்பனைப் பெயர். படம் பிடித்தது ஜமைக்காவில். ஆக, ஊர்ப் பொருத்தம் இருக்கிறது. ஆனால் அதைவிட அங்கே வரும் வரிகளைக் கேளுங்கள். வேலை என்று வந்துவிட்டால் ஒழுங்காகச் செய், எதிராளியை ஒரு வழி பண்ணிவிடு என்கின்றன. கொலைக்கான புத்திமதி இது. அதைத் தோளைக் குலுக்கிக்கொண்டு, லேசாக ஆடிக்கொண்டே சொல்கிறார்கள். ஆத்திரமே இல்லை, ஆபீஸ் வேலை மாதிரி. ஒற்றன் பாட்டில் ஒற்றன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் நான் அந்த ரெகேயைத்தான் காட்டுவேன். ஆர்கெஸ்ட்ரா வெடிக்கும் இடத்தில் இருப்பது குண்டுதான், ஆள் இல்லை.

இனி உங்கள் ஆட்கள். 1991, 'யூஸ் யுவர் இல்யூஷன்' முதல் ஆல்பம்.

வேகப் பகுதியை ஒத்துக்கொள்கிறேன். மார்ட்டினின் ஆர்கெஸ்ட்ரா செய்ததில் பெரும்பங்கை கிட்டார் எடுத்துக்கொள்கிறது. கிட்டார்காரர் ஸ்லாஷ் அதைச் சுமந்துகொண்டு ஓடுகிற ஓட்டத்தைக் கேட்டுவிட்டு மூலத்துக்குத் திரும்பினால், அங்கே எல்லோரும் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது. முதல் நாள் அந்தப் பகுதியை மட்டும் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை கேட்டேன். பத்துத் தடவையும் உங்கள் கட்சிதான் ஜெயித்தது. "வெறும் இரைச்சல்" என்றதை இங்கேயே வாபஸ் வாங்கிவிடுகிறேன்.

எனக்குச் சிக்கல் தொடக்கத்தில். பாடகர் ஆக்ஸல் ரோஸ் முதல் வரியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். தாழ்ந்த குரல்தான், மெதுவாகத்தான் பாடுகிறார். ஆனால் திறந்த புத்தகம் என்று சொல்லும்போதே கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டவரின் குரல் அது. வெடி வெடிக்கும்போது நமக்கு அதிர்ச்சி இல்லை. 'ஆமாம், எதிர்பார்த்தேன்' என்கிறது மனசு. அதேபோல ரெகேயிலும் தோள் குலுக்கல் போய்விட்டது. எதிராளியின் மேல் உண்மையாகவே கோபம் இருக்கிறது, பழைய பாக்கி ஏதோ இருக்கிற மாதிரி. தையல் அதே இடங்களில்தான் இருக்கிறது, ஆனால் மூன்று துணியும் ஒரே சாயத்தில் முக்கி எடுத்தவை.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி கேட்டபோது, இவர் பாண்டைப் பற்றிப் பாடவே இல்லையே என்று தோன்றியது. நம்பி ஏமாந்த ஒருவன், இனி 'வாழவிடு' எல்லாம் கிடையாது என்கிறான். அப்படி எடுத்துக்கொண்டால் முதல் வரியிலேயே பல்லைக் கடிப்பது நியாயம்தான். உங்கள் அண்ணனின் கேசட்டில் நீங்கள் கேட்டது இந்த ஆளைத்தான் என்று நினைக்கிறேன். அவனை எதிர்பார்த்துக்கொண்டு விங்ஸைக் கேட்டால் சப்பென்றுதான் இருக்கும்.

நம் இருவருக்குமான இந்தச் சண்டை இரண்டு நாடுகளுக்கு நடுவிலும் நடந்திருக்கிறது. அமெரிக்கத் தரவரிசையில் விங்ஸ் 2ஆம் இடம் வரை போனார்கள், கன்ஸ் அன் ரோஸஸ் 33. பிரிட்டனில் தலைகீழ்: விங்ஸ் 9, கன்ஸ் அன் ரோஸஸ் 5. லண்டன் ஓட்டு உங்களுக்கு.

பலரும் கவனிக்காத ஒரு வடிவம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் கிளப் காட்சியில் பி. ஜே. ஆர்னோ என்ற பாடகி மேடையில் இதே பாட்டைப் பாடுகிறார். சால்ட்ஸ்மன் ஆசைப்பட்ட மாதிரியே, சோல் பாணியில், கனமான பெண் குரல். தனியாகக் கேட்டால் நான் இதைத்தான் கடைசியில் வைப்பேன். தையலையே காணோம், எல்லா இடத்தையும் தன் குரலால் இழுத்து ஒரே துணியாக்கிவிடுகிறார். ஆனால் காட்சியோடு பாருங்கள். பாண்டும் அவருடைய சி.ஐ.ஏ. நண்பர் ஃபீலிக்ஸ் லைட்டரும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். லைட்டருக்குத் தொலைபேசி வந்திருப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போய்விடுகிறார்கள். மேடையில் பாட்டு. பாண்ட் உட்கார்ந்த மேஜை, நாற்காலி எல்லாம் அப்படியே தரைக்குள் இறங்கிவிடுகிறது. பாட்டில் இல்லாத பள்ளம் தரையில் இருக்கிறது. அங்கே போய் விங்ஸ் மாதிரி பாடியிருந்தால் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இரண்டு காரியம் செய்யும் ஒரு பாட்டை ஒரே படத்தில் இரண்டு விதமாகப் பாட வைத்தது நல்ல புத்தி.

கிறிஸ்ஸி ஹைண்ட் பாடியதும் உண்டு. 1997இல் இசையமைப்பாளர் டேவிட் ஆர்னல்ட் பழைய பாண்ட் பாடல்களைப் புதிய குரல்களில் பாட வைத்து 'ஷேக்கன் அண்ட் ஸ்டிர்ட்' என்று ஓர் ஆல்பம் கொண்டுவந்தார், அதில். ஹைண்டுக்கு பாண்ட் புதிது இல்லை. அவருடைய பிரிட்டெண்டர்ஸ் குழு 1987இல் வந்த பாண்ட் படத்துக்கு இரண்டு பாட்டுக் கொடுத்திருக்கிறது. பதறாத குரல். தையல்களையும் கலைக்கவில்லை. குறை சொல்ல எதுவும் இல்லை, மூன்று நாளில் மூன்றாவது தடவை கேட்கத் தோன்றவும் இல்லை.

வராமலே போன ஒன்றும் இருக்கிறது. கேலிப் பாடல்களுக்குப் பேர்போன வியர்ட் அல் யான்கோவிச் இதை 'சிக்கன் பாட் பை' என்று மாற்றிப் பாட அனுமதி கேட்டார். மெக்கார்ட்னி சைவர். முடியாது என்றுவிட்டார்.

உங்கள் இலக்கணச் சந்தேகம். நீங்கள் கேட்டபடி 'இன் விச் வி லிவ் இன்' என்றால் ஒரு 'இன்' உபரிதான். நாம் 'நடு சென்டர்' என்று சொல்வதில்லையா, அந்த ரகம். 'இன் விச் விஆர் லிவிங்' என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்டால் பிழை இல்லை. மெக்கார்ட்னியிடமே ஒருவர் கேட்டபோது அவரும் தடுமாறிவிட்டு, 'லிவிங்'தான் என்று நினைக்கிறேன் என்ற பக்கமாகச் சாய்ந்தார். எனக்கு உபரி 'இன்'தான் காதில் விழுகிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் தோன்றுகிறது.

தொண்டையே இல்லாத ஒரு வடிவத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. 'கிராஸ் பாயின்ட் பிளாங்க்' என்று 1997இல் ஒரு படம். ஜான் குசாக் கூலிக்குக் கொலை செய்கிறவர். பள்ளித் தோழர்கள் ஒன்றுகூடுகிறார்கள் என்று பல வருடம் கழித்து ஊருக்கு வருகிறார். தான் வளர்ந்த வீட்டைத் தேடிப் போனால், வீட்டை இடித்துவிட்டு அங்கே ஒரு சின்ன சூப்பர் மார்க்கெட் கட்டியிருக்கிறார்கள். பின்னணியில் கன்ஸ் அன் ரோஸஸ் அலறிக்கொண்டிருக்கிறது. அவர் கடைக்குள் நுழைகிறார். அதே பாட்டு, லிஃப்டில் போடுகிற மாதிரியான மெத்து மெத்து வாத்திய இசையாக, அலமாரிகளுக்கு மேலே ஒலித்துக்கொண்டிருக்கிறது. 'சாகவிடு' என்ற சொல்லே அதில் இல்லை. அதைக் கேட்டபடி நடுக் கடையில் நிற்கிறவருக்குத் தொழிலே அதுதான். வெளியே ஆக்ஸல், உள்ளே இது. அந்தக் கடை வாசலிலும் தையல் இருக்கிறது.

நேற்று இரண்டு போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்தேன். ஒன்றில் விங்ஸ், இன்னொன்றில் கன்ஸ் அன் ரோஸஸ், வெடிக்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தி வைத்தது. மெக்கார்ட்னி தாலாட்டி முடித்த இடத்தில் அதை அணைத்துவிட்டு இதைத் தட்டினேன். விரல் கொஞ்சம் தாமதம், சத்தமும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, தையல் முன்னைவிட அசிங்கமாகத் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.