எது கடைசிப் பதிப்பு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கோப்பின் கடைசிப் பதிப்பு எது என்று தெரியவில்லை என்ற ஒரே குறையை வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன. மென்பொருளின் பெயரைக்கூடக் குறிப்பிடாத கடிதங்களை ஒதுக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கே: எங்கள் மாதர் குழுவின் கூகுள் டாக்ஸ் கோப்பில் பதிப்பு வரலாறு எனக்கு மட்டும் திறக்கவில்லை. என் கணினி பழையது என்பதாலா? (வாசகி, ரோஸ் ஹில்)

ப: கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை. திருத்தும் உரிமை உள்ளவருக்கே வரலாறு, அதாவது யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு, திறக்கும். உங்களுக்குப் பார்வையிடவோ கருத்துரைக்கவோ மட்டும் அனுமதி தந்திருக்கிறார்கள். கோப்பின் உரிமையாளரிடம் கேளுங்கள். உரிமை கிடைத்த பிறகு, உங்கள் திரை பிரெஞ்சில் இருந்தால் ‘ஃபிஷியே’ பட்டியலுக்குள் ‘இஸ்தோரிக் தே வெர்சியோன்’ என்று தேடுங்கள்.

கே: சென்னையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் காலை 11.30க்குத் திருத்தியதாகச் சொல்கிறார். வரலாற்றிலோ 10 மணி என்று இருக்கிறது. யார் சொல்வது பொய்? (காத்ர் போர்ன்)

ப: ஒருவரும் பொய் சொல்லவில்லை. நம் மொரிஷியஸ் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. வரலாறு உங்களுக்கு நம் நேரத்தைக் காட்டியிருக்கிறது.

கே: காவடி விழா அறிக்கை எங்களிடம் ஒன்பது கோப்புகளாக உள்ளது: ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘புதிய இறுதி’, ‘இறுதி, தலைவர் பார்த்தது’ என்று போகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக்கும் பொத்தான் உண்டா? (ஆலயச் சங்கச் செயலாளர், கியூர்பிப்)

ப: இல்லை. வேர்டின் ‘ரிவியூ’ பகுதியில் உள்ள ‘கம்பேர்’ இரண்டு கோப்புகளின் வேறுபாட்டைப் புதிய கோப்பாகக் காட்டும். ‘கம்பைன்’ இருவர் தனித்தனியே செய்த திருத்தங்களை ஒன்றில் சேர்க்கும். ஒரு நேரத்தில் இரண்டு கோப்புகளுக்கு மேல் இவை எடுத்துக்கொள்ளா. ஒன்பதை ஒன்றாக்க எட்டு முறை உட்கார வேண்டும். எட்டு முறையும் எது சரி என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்களே.

இந்த ‘இறுதி’ என்ற சொல்லின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்துக்காகத் தைப்பூசக் காவடி அழைப்பிதழை நானே தயாரித்தேன். ஆற்றங்கரையிலிருந்து ஊர்வலம் புறப்படும் நேரத்தை 7 மணியிலிருந்து 6.30க்கு மாற்றுவதென்று கூட்டத்தில் முடிவாயிற்று. மாற்றம் ஒரு கோப்பில் ஏறியது; அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் போனதோ மற்றொன்று; இரண்டின் பெயரும் ‘இறுதி’. வந்து இறங்கிய நானூறு அழைப்பிதழ்களிலும் 7ஐ அடித்து 6.30 என்று எழுத நானும் என் மனைவியும் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருந்தோம். தாள் பளபளப்பானது, நீல மை ஊறாமல் விரல் பட்ட இடமெல்லாம் இழுபட்டு, முருகன் படத்தின் மீதும் கறையாகப் படிந்தது.

கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பை நகலெடுத்தால், பழைய வரலாறு நகலோடு வருவதில்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு மூலக்கோப்பிலேயே நின்றுவிடும். நகல் பிறந்த குழந்தையைப் போல வெறுமையாகத் தொடங்கும். ஆகவே, நகல் எடுக்காதீர்கள். பதிப்புக்குப் பெயர் இடுங்கள். ஒரு டாக்ஸ் கோப்பில் 40 பதிப்புகள் வரையிலும், கூகுளின் விரிதாளான ஷீட்ஸில் 15 வரையிலும் பெயரிடலாம். ஒரு விழாவுக்கு இது தாராளம். பெயரும் ‘இறுதி’ என்று இருத்தல் ஆகாது; ‘நிர்வாகக் குழு ஏற்றது, ஜனவரி 12’ என்பதுபோல், ஏற்றவரையும் நாளையும் சொல்ல வேண்டும். அச்சகத்துக்கு அந்தப் பதிப்பின் பிடிஎஃப் மட்டுமே போகட்டும். பழைய பதிப்பை மீட்டால் புதியது அழிந்துவிடுமோ என்ற அச்சத்தினாலேயே பலர் நகலெடுக்கிறார்கள். அது வீண் அச்சம். மீட்ட பதிப்பு வரலாற்றின் மேலே புதிதாக ஏறுமேயன்றி, இடையில் உள்ளவை அழிவதில்லை.

கே: பழைய தமிழ்ப் பாடம் ஒன்றில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் மாற்றினேன். ஒப்பிட்டால் பக்கம் முழுவதும் மாறியதாகச் சிவக்கிறது. (தமிழாசிரியர், பாம்ப்ளமூஸ்)

ப: பழைய பாடம் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்து, நீங்கள் அதை இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றியிருப்பீர்கள். பாமினியில் திரையில் தெரிவது தமிழ்; உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் குறியீடு. மென்பொருள் வடிவத்தைப் பாராமல் குறியீட்டையே ஒப்பிடுவதால், அதன் கணக்கில் ஒவ்வோர் எழுத்தும் மாறியதே. யூனிகோடுக்குள்ளும் ஒரு வம்பு உண்டு: ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இடலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ‘கௌ’வுக்குக் கொம்பும் ளகரமும் தட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதலில் எழுத்துருவை மட்டும் மாற்றி, அந்தப் பதிப்புக்கு ‘எழுத்துரு மாற்றம் மட்டும்’ என்று பெயரிட்டு, அதன் பிறகே வாக்கியத்தில் கை வையுங்கள்.

கே: விலைப்புள்ளியை வேர்டில் ‘நோ மார்க்கப்’ வைத்துத்தான் அனுப்பினோம். ஆனாலும் நாங்கள் அடித்த பழைய விலை வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிட்டது. (எபேன்)

ப: ‘நோ மார்க்கப்’ திருத்தங்களை மறைக்கும், நீக்காது. திரையை மூடியதால் மேடை காலியாகிவிடுவதில்லை. திருத்தங்களை ஏற்றோ மறுத்தோ தீர்த்து, கருத்துரைகளை நீக்கி, மறைந்திருப்பவற்றைக் கண்டுபிடிக்கும் ‘டாக்குமெண்ட் இன்ஸ்பெக்டர்’ கொண்டு சோதித்த பிறகு பிடிஎஃப் ஆக்கி அனுப்பியிருக்க வேண்டும்.

கே: கூகுள் டிரைவில் வைத்திருந்த ஒப்பந்தப் பிடிஎஃப்பின் சென்ற ஆண்டுப் பதிப்பைக் காணவில்லை. (போர்ட் லூயி)

ப: டாக்ஸ் கோப்பு வேறு, டிரைவில் ஏற்றிய பிடிஎஃப் வேறு. பின்னதன் பழைய பதிப்புகள் 30 நாளிலோ, 100 பதிப்புகள் சேர்ந்த பின்னரோ நீங்கிவிடக்கூடும். வேண்டியவற்றுக்கு ‘கீப் ஃபாரெவர்’ என்று குறித்திருந்தால் நின்றிருக்கும்.

கே: யார் அழித்தார் என்று பார்த்தால் எல்லாத் திருத்தமும் ஒரே பெயரில் இருக்கிறது. (போ பாசேன்)

ப: ஐந்து பேர் ஒரே கணக்கில் நுழைந்தால் வேறென்ன தெரியும்? ஆளுக்கொரு கணக்கு வேண்டும்.

கே: எங்கள் கோப்பு அழிந்துவிட்டது. உடனே மீட்டுத் தரவும். (ஊர் இல்லை)

ப: எந்த மென்பொருள், எந்த நாள், அழிந்தது கோப்பா அதற்குள் உள்ள வரிகளா என்று எதுவும் இல்லை. வரிகள் என்றால் பதிப்பு வரலாற்றைத் திறங்கள். மேலே சொன்னபடி, நகல் எடுக்காமல் மீட்டெடுங்கள். கோப்பே போயிருந்தால் குப்பைத் தொட்டியில் தேடுங்கள்: கூகுள் டிரைவில் 30 நாள், அலுவலகங்கள் கோப்பு வைக்கும் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கும். நாள் எண்ணப்பட்டுக்கொண்டிருப்பதால், விவரங்களை எனக்கு எழுதுவதற்கு முன் தொட்டியைத் திறந்து பாருங்கள்.