நிச்சயமற்ற காலத்தில் பள்ளி நிர்வாகத்தில் சமூக அறிவியல் ஆசிரியரால் என்ன செய்ய முடியும்?

பாடம் நடத்துவதோடு அவர் வேலை முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிந்துவிடாது என்றுதான் சொல்வேன்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததை வேலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாளில் தலைமை ஆசிரியருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு வரைபடம். எந்தப் பிள்ளை ஆற்றைக் கடந்து வருகிறது, எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும்? ஒன்பதாம் வகுப்பில் பேரிடர் மேலாண்மை நடத்தும் ஆசிரியர், மாணவர்களை வைத்தே இதை வரைந்துவிடலாம். வீட்டுக்கு வீடு விவரம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தாள் கையில் இருந்தால், வதந்தியை நம்பாமல் யாரை எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்று நிதானமாக முடிவெடுக்கலாம்.

அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் பீடி சுற்றும் அம்மாவோ தோல் தொழிற்சாலைக்குப் போகும் அப்பாவோ கூட்டத்தில் தயங்கி உட்கார்ந்திருப்பார்கள். குடிமையியல் நடத்துகிறவர், "இது உங்கள் உரிமைம்மா, கேளுங்க" என்று சொன்னால் அவர்கள் பேசுவார்கள். நிர்வாகம் மாறுவது அங்கேதான்.