கம்ப்யூட்டர் கேள்வி பதில்: 24 அங்குலமா, 27 அங்குலமா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி விட்டு வந்தால் வேலரண்ட், சனி ஞாயிறு ஃபோர்ட்நைட். புது மானிட்டர் வேண்டும் என்று உயிரை எடுக்கிறான். டர்பனில் ஒரு கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ், 180 ஹெர்ட்ஸ். இன்னொன்று 27 அங்குலம், வளைந்த திரை, 1440பி, விஏ, 165 ஹெர்ட்ஸ். விலை 1,200 ராண்ட் கூடுதல். கடைக்காரர் பெரியதைத்தான் எடுக்கச் சொல்கிறார். இவனிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டாம். எது நல்லது?
— ஒரு தாயார், சாட்ஸ்வொர்த்

பதில்: சின்னதை வாங்குங்கள் அம்மா. கடைக்காரர் பெரியதைக் கை காட்டியதில் ஆச்சரியமில்லை. வளைந்த திரை கடையில் பார்க்க எடுப்பாக இருக்கும், விலையும் எடுப்பாகவே இருக்கும்.

போகிற போக்கில் கடைசியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டின், அதாவது திரைக்குப் படம் வரைந்து தரும் பாகத்தின், பெயரைச் சொன்னீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. 1080பி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் சுமார் 37 லட்சம். ஒவ்வொரு படத்துக்கும் இத்தனையையும் கார்டுதான் வரைந்து தள்ள வேண்டும். 1660 சூப்பர் 2019-இல் வந்த 6 ஜிபி கார்டு. 1080பி-க்கு இன்றும் நன்றாக உழைக்கும். வேலரண்ட் இலேசான விளையாட்டு, பெரிய திரையிலும் ஓடிவிடும். ஃபோர்ட்நைட்டில் காட்சித் தரத்தைக் கொஞ்சம் கூட்டினாலே மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அப்புறம் 165 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 165 படம் என்பது, பெட்டியில் மட்டும்தான் இருக்கும்.

180-க்கும் 165-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிசெகண்ட். 165-இல் 6.1, 180-இல் 5.6. அந்த அரை மில்லிசெகண்டை உங்கள் மகன் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள். 60-இலிருந்து இவற்றில் எதற்கு மாறினாலும் உங்களுக்கே தெரியும். மவுஸ் அம்பை அசைத்தாலே போதும்.

விஏ, ஐபிஎஸ் என்பவை இரண்டு வகைத் திரைகள். நான் விஏ-யை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இருட்டு. இந்த வகைத் திரைகள் பலவற்றில் கருமையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறுவது மெதுவாக நடக்கும். இருட்டு மூலையிலிருந்து ஆள் பாய்ந்து வரும்போது அவன் பின்னால் புகை மாதிரி ஒரு தடம் இழுபடும். சுடுகிற விளையாட்டில் அது பெரிய தொல்லை. கடையிலேயே சோதிக்கலாம்: போனில் ஏதாவது ஒரு பக்கத்தைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றிப் பார்ப்பீர்கள் அல்லவா, அதே மாதிரி அந்த மானிட்டரில் கறுப்புப் பின்னணியில் அடர் சாம்பல் எழுத்துள்ள பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லி, வேகமாக மேலும் கீழும் உருட்டுங்கள். எழுத்து ஓடும்போது மங்கி, நின்றதும் தெளிவானால், அதுதான் நான் சொல்கிற நோய். பெட்டியில் போட்டிருக்கும் ‘1 எம்எஸ்’ (ஒரு மில்லிசெகண்ட்) இதைச் சொல்லாது. பல நேரம் அது பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு எடுத்த கணக்கு.

விஏ-க்கும் நியாயம் சொல்லிவிடுகிறேன். அதன் மாறுபாடு, அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பொதுவாக 3000-க்கு 1, ஐபிஎஸ்-இல் 1000-க்கு 1. இரவில் விளக்கணைத்துப் படம் பார்த்தால் விஏ-யில் கறுப்பு கறுப்பாக இருக்கும், ஐபிஎஸ்-இல் சாம்பல் பூத்தது போலத் தெரியும். எழுத்தும் அந்த 27 அங்குலத்தில் கூர்மைதான்: அங்குலத்துக்கு 109 புள்ளி, சின்னதில் 92. வீட்டில் எல்லோரும் படம் பார்க்க ஒரு திரை வேண்டும் என்று கேட்டிருந்தால் என் பதில் வேறு.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் ஒரு வேலை பாக்கி. பழைய கேபிளைத் தேடி மாட்டாமல், டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாட்டுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 180-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல கம்ப்யூட்டர்களில் அது 60-இலேயே நிற்கும். ‘புது மானிட்டர் சரியில்லை அண்ணா’ என்று என்னிடம் தூக்கி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் மருந்து. காசு வாங்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

மிச்சமாகும் 1,200 ராண்டில் முதலில் மின்னழுத்தம் திடீரென எகிறினால் தடுக்கும் நல்ல சர்ஜ் பிளக் ஒன்று வாங்குங்கள். லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு குறைந்திருக்கலாம். ஆனால் போன கரண்ட் திரும்பி வரும்போதுதான் கருவிகளுக்கு ஆபத்து. கடையில் நேரில் வாங்குவதால் பெட்டியைப் பிரித்து, எரியாத செத்த புள்ளி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கேட்க தென்னாப்பிரிக்க நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. மகன் மனம் மாறிவிட்டான் என்று போய் நின்றால் சட்டம் உதவாது. இணையத்தில் வாங்கினால் மட்டும் அதற்கு ஏழு நாள் உண்டு.

கேள்வி: பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) விளையாட்டுக் கருவிக்கு 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கலாமா?
— ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம் தம்பி. பிஎஸ்5 அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸ்தான் தரும். 1440பி-யை அது 2022 செப்டம்பரிலிருந்து ஏற்கிறது, அதனால் அந்த அளவுத் திரை தாராளமாக எடுக்கலாம். பெட்டியில் ஃப்ரீசிங்க் என்று மட்டும் போட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். பிஎஸ்5-க்குத் தேவை எச்டிஎம்ஐ 2.1 வழியாக வரும் விஆர்ஆர், அதாவது விளையாட்டின் வேகத்துக்கேற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் வசதி.