கல்லூரி வீரருக்குக் கூலியும் கட்டுப்பாடும்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடும் மாணவர்களுக்கு இப்போது கல்லூரிகளே பணம் கொடுக்கின்றனவாம். இலவசமாகப் படிக்க வைத்த பிறகும் பணம் எதற்கு?

பதில்: அங்கே கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் பெரும் வணிகமாகிப் பல காலம் ஆகிறது. தொலைக்காட்சி உரிமையிலும் நுழைவுச்சீட்டிலும் வரும் வருமானத்தில் பயிற்சியாளருக்கும் நிர்வாகிக்கும் பங்கு உண்டு. களத்தில் அடிபடும் மாணவருக்கு மட்டும் படிப்புச் செலவைத் தாண்டி எதுவும் போய்ச் சேரக் கூடாது என்பதே என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நெடுங்காலம் கட்டிக்காத்த விதி. 2021 ஜூனில், ஆல்ஸ்டன் என்ற முன்னாள் வீரரின் பெயரால் அறியப்படும் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். வழக்கு படிப்பு சார்ந்த சலுகைகளை மட்டுமே பற்றியது என்றாலும், சங்கத்தின் ஏனைய கட்டுப்பாடுகளுக்கும் ஆபத்து வந்துவிட்டது என்பதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அடுத்த மாதமே, மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில், வீரர்கள் அதே சங்கத்தின் மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்ததும் கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்க வழி திறந்தது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு கல்லூரி ஒன்றுக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். நெடுங்காலமாக நிலுவையில் இருந்த கூலி என்றே இதை நான் கருதுகிறேன்.

கேள்வி: பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டே வேறு கல்லூரிக்குத் தாவிவிடுகிறார்களே! ஒப்பந்தம் போட்டுத் தடுப்பதில் என்ன தவறு?

பதில்: ஒப்பந்தம் போடுவதில் தவறில்லை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் சிக்கல். முன்பெல்லாம் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் கல்லூரி மாறியவர் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 2021இல் முதல் மாற்றத்துக்கு விலக்குக் கிடைத்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அடுத்தடுத்த மாற்றங்களுக்கான தடையையும் நிறுத்திவைக்க, 2024 முதல் படிப்பில் தேறியவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று. ஒன்றோடொன்று போட்டியிடும் கல்லூரிகள் கூடிப் பேசி மாணவரின் வாய்ப்பைச் சுருக்கியதால்தான் அந்தப் பழைய விதி நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஒரு கல்லூரி ஒரு மாணவரோடு தனியாகச் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்கு அந்தக் குறை இல்லை; ஆகவேதான் எல்லோரும் இப்போது ஒப்பந்தத்தை நாடுகிறார்கள்.

விருப்பமில்லாத ஒருவரைத் தனக்காகத்தான் ஆட வேண்டும் என்று எந்தக் கல்லூரியும் நீதிமன்றத்தின் மூலம் வற்புறுத்த இயலாது. எனவே, காலம் முடியுமுன் வெளியேறினால் இவ்வளவு தொகை தர வேண்டும் என்று எழுதிவைக்கிறார்கள். மிசௌரிக்கு மாறிய ஒரு வீரரிடம் 3,90,000 டாலர் கேட்டு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரிவு 2025இல் நீதிமன்றம் சென்றது. தன் வீரரை இழுத்துக்கொண்டதாக மயாமி பல்கலைக்கழகத்தின் மீது விஸ்கான்சின் தொடுத்த வழக்கும் அதே ஆண்டைச் சேர்ந்ததுதான். இத்தகைய தொகை உண்மையான நட்டத்தின் நியாயமான மதிப்பீடாக இருந்தால்தான் செல்லும். வெளியேறுபவரைத் தண்டிப்பதற்காகவே வைத்த தொகை என்றால் நீதிமன்றம் அதைத் தள்ளிவிடலாம்.

இங்கேதான் கல்லூரிகள் தாமே போட்ட முடிச்சில் மாட்டிக்கொள்கின்றன. இந்த ஒப்பந்தங்கள் பொதுவாக, மாணவரின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமைக்காகவே பணம் தரப்படுகிறது என்கின்றன. ஆடுவதற்கான ஊதியம் என்று ஒப்புக்கொண்டால் மாணவர் ஊழியராகிவிடுவார், ஊழியருக்கு உரிய பாதுகாப்புகளையும் தர வேண்டிவரும் என்ற அச்சமே காரணம். ஆனால் வீரர் போனதால் நட்டம் என்று வழக்கு தொடுக்கும்போது, அவருடைய ஆட்டம் போனதைத்தானே நட்டமாகக் காட்ட முடியும்? ஊழியருக்கான விசுவாசத்தை எதிர்பார்த்துக்கொண்டு முதலாளிக்கான கடமையை மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பயிற்சியாளர்களையும் பாருங்கள். 2023இல் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தம் முடியுமுன் நீக்கிய டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் அவருக்கு 7.5 கோடி டாலருக்கும் மேல் தர வேண்டியதாயிற்று. கல்லூரியே முறித்தாலும் பணம் உண்டு என்ற அந்தப் பாதுகாப்பு மாணவருக்கும் வேண்டும். காயம்பட்டாலும், பயிற்சியாளர் மாறினாலும், ஒப்புக்கொண்ட தொகையும் படிப்பும் தொடரும் என்று எழுதித் தரும் கல்லூரி, பதிலுக்கு ஓரிரு ஆண்டுகள் தங்கும்படி கேட்டால் அது நேர்மையான பேரம். அப்போதும், கையெழுத்திடுபவர் பெரும்பாலும் 18 வயதுக்காரர் என்பதால், அவர் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: தொழில்முறை அணிகளிலும் வீரர்கள் நினைத்தபடி மாற முடியாதே. அங்கே மட்டும் சட்டம் எப்படி அனுமதிக்கிறது?

பதில்: அங்கே வீரர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. சங்கத்தோடு கூட்டுப்பேரம் நடத்தி ஏற்கப்பட்ட கட்டுப்பாடுகளை, நிறுவனங்கள் கூடிப் பேசி வணிகப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டம் பெரும்பாலும் தொடுவதில்லை. கல்லூரிகளில் அந்த முயற்சி முளையிலேயே நிற்கிறது: டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13க்கு 2 என்ற கணக்கில் சங்கம் அமைக்க வாக்களித்தார்கள், கல்லூரி பேச மறுத்தது, ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்போது கல்லூரிகள் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குத் தருமாறு அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்டுவருகின்றன. வீரர்களோடு பேரம் பேசும் கடமையைச் சுமத்தாமல் அந்த விலக்கை மட்டும் கொடுத்தால், பழைய தடைகள் புதிய பெயரில் திரும்பிவிடும்.