லிகெட்டியின் ‘ஒழுங்கின்மை’: மலையக மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி 1985இல் முடித்த முதல் எட்யூட் (பயிற்சி உருப்படி) தொகுப்பில் ‘ஒழுங்கின்மை’ எனப் பொருள்படும் தலைப்புடன் முதலாவதாக நிற்கும் பியானோ உருப்படியைப் பற்றியே எல்லாக் கேள்விகளும் வந்துள்ளன.

ஹட்டன்: கேட்டால் இரைச்சலாகவே இருக்கிறது. இதில் இசை எங்கே?

வலக்கை வெள்ளைக் கட்டைகளை மட்டுமே தொடுகிறது. இடக்கைக்குக் கறுப்புக் கட்டைகள் மட்டுமே, அதாவது நாம் மோகனத்தில் கேட்டுப் பழகிய ஐந்து சுரங்களின் அடுக்கு. இரு கைகளும் ஒரே வேகத்தில், மூன்றும் ஐந்துமாகப் பிரிந்து, ‘தகிட தகதகிட’ என ஓடுகின்றன. சிலவேளை ஐந்து முன்னே வரும். ஒவ்வொரு பிரிவின் முதல் சுரம் மட்டும் ஓங்கி ஒலிக்க, ஏனையவை தணிந்து ஒலிக்கும். தொடக்கத்தில் இரு கைகளின் அழுத்தங்களும் ஒன்றாக விழுகின்றன. ஆனால் நான்காவது தாளக் கட்டத்தில் (bar) வலக்கை ஒரு சிற்றடியை விட்டுவிடுவதால், அது இடக்கையை முந்தத் தொடங்கி, அந்த இடைவெளி வளர்ந்துகொண்டே போகிறது. நீங்கள் இரைச்சல் என்பது, பிசகாத இரண்டு கணக்குகள் ஒன்றையொன்று விட்டு விலகும் ஓசை. ஓங்கிய சுரங்களை மட்டும் பின்தொடருங்கள். மெட்டு அங்கேதான் இருக்கிறது.

தலவாக்கலை: காமன் கூத்துத் தப்பிசையோடு இதற்கு உறவுண்டா?

இல்லை. லிகெட்டியைத் தூண்டியவை மத்திய ஆபிரிக்கத் தாளப் பின்னல்களும், தானியங்கிப் பியானோவுக்கு எழுதிய இசையமைப்பாளர் நான்காரோவின் படைப்புகளுமே. எனினும் பல தப்புகள் ஒருங்கே முழங்கக் கேட்டு வளர்ந்த காது, இங்கே விரைவில் வழி கண்டுகொள்ளும் என்றே கருதுகிறேன்.

நுவரெலியா: பனியில் என் பியானோவின் கட்டைகள் இறுகிவிடுகின்றன. வாசிக்கலாமா?

முதலில் ஈரத்தைக் கவனியுங்கள். (கட்டைகளை ஓசையின்றி அழுத்திப் பிடித்தபடி வாசிக்கும் உருப்படி அதே தொகுப்பில் மூன்றாவதாக உள்ளது, உங்கள் பியானோ அதற்கு ஒருவேளை தகும்.)

பண்டாரவளை ஆசிரியை: பியானோத் தேர்வில் ஐந்தாம் கிரேட் முடித்த மாணவிக்கு இதைக் கொடுக்கலாமா?

வேண்டாம். இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான பார்டோக்கின் ‘மிக்ரோகொஸ்மொஸ்’ என்ற பியானோ உருப்படி வரிசையின் ஆறாம் தொகுதியிலுள்ள பல்கேரிய நடனங்கள்கூட அவருக்குச் சற்றுக் கடினமே; ஆயினும் சமனற்ற தாளத்தில் கை பழக அவை உதவும். பிற்காலத்தில் லிகெட்டியை எடுக்கும்போது, ‘தகிட தகதகிட’ என்ற சொற்கட்டை வாயால் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு கையின் அழுத்தச் சுரங்களை மட்டும் தனியே வாசிக்கச் செய்யுங்கள். முடிவில் வேகத்தைத் தளர்த்த அனுமதிக்காதீர்கள். ஓட்டம் மேல்ஸ்தாயியின் உச்சிக்கு ஏறி, அங்கேயே சட்டென நிற்க வேண்டும்.