மலாக்காவில் ஒரு நாள்: கேள்விகளும் பதில்களும்

மலாக்காவில் பல ஆண்டுகளாகத் தமிழ்ப் பயணிகளை அழைத்துச் சென்று சுற்றிக்காட்டுகிறேன். விடுமுறைக்கு வரவிருக்கும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் தங்குகிறோம். காலையில் போய் இரவுக்குள் திரும்ப முடியுமா? (திருச்சி வாசகர்)

தாராளமாக முடியும். ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். டிபிஎஸ் முனையத்தில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரல் வந்துவிடும். பழைய நகரம் அங்கிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் டவுன் பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில்தான் நடக்கும். அது வேண்டாம், நகரத்தை நிம்மதியாகப் பார்த்தால் போதும் என்றால் வார நாளில் வாருங்கள். செவ்வாய்க்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்று அந்தத் தெருவில் பல கடைகள் அடைத்திருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது? எல்லோரும் சிவப்புக் கட்டடங்களைத்தான் சொல்கிறார்கள். (கோவை வாசகி)

கோட்டை வாயிலிலிருந்து தொடங்குங்கள். 1511-இல் அல்புகெர்க்கின் தலைமையில் போர்த்துக்கீசியர் நகரத்தைப் பிடித்ததும் கட்டிய கோட்டையில் இன்று மிச்சமிருப்பது ஏறக்குறைய இந்த ஒரு வாயில்தான். உள்ளே நுழைவதற்கு முன் தலையைத் தூக்கி வளைவின் மேலே பாருங்கள். 1670 என்ற ஆண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடையாளமும் செதுக்கியிருக்கும். கட்டியவர் ஒருவர், பெயர் பொறித்தவர் இன்னொருவர்! 1641-இல் டச்சுக்காரர் வசமான கோட்டையைப் பின்னால் வந்த ஆங்கிலேயர் 1807-இல் தகர்க்கத் தொடங்கினார்கள். இடிப்பை நிறுத்தச் சொல்லி ராஃபிள்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். அப்போது தப்பியதுதான் நீங்கள் பார்க்கும் வாயில்.

அதன் பின்னால் உள்ள மலைப் படிகளில் ஏறி மறுபக்கம் இறங்கினால் நீங்கள் கேட்ட சிவப்புக் கட்டடங்கள் நிற்கும் சதுக்கம் வந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு முன்பே ஏறிவிட்டால் வெயிலில் வாடவேண்டாம். சதுக்கத்துக்கு அரை மணி நேரம் போதும். 1753-இல் கட்டிமுடித்த கிறிஸ்து ஆலயத்துக்குள் நுழைந்து கூரை உத்தரங்களை மட்டும் அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொன்றும் ஒட்டுப்போடாத ஒற்றை மரம்.

மலைமேல் புனித சவேரியார் கல்லறை இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? (தூத்துக்குடி வாசகர்)

உங்கள் முத்துக்குளித்துறையில் பரதவர் மக்களிடையே ஊழியம் செய்த அதே சவேரியார்தான். 1552-இல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். அவருடைய உடலை மறு ஆண்டு இங்கே கொண்டுவந்து, இந்த மலைக்கோயிலில் சில மாதங்கள் அடக்கம் செய்திருந்தார்கள். பிறகு கோவாவுக்குப் போய்விட்டது. இன்று இருப்பது கம்பி வலை போட்ட வெறும் குழி. கோயிலுக்கும் கூரை கிடையாது. சுவரோரம் ஆளுயர டச்சுக் கல்லறைப் பலகைகளைச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் சில பலகைகளில் எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன. உங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் குழியருகே மௌனமாக நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது நான் விளக்கம் சொல்வதை நிறுத்திக்கொள்வேன்.

என் தாயாருக்கு 72 வயது. படி ஏற முடியுமா? (மதுரை வாசகி)

முழங்கால் வலி இருந்தால் ஏற்ற வேண்டாம் அம்மா. சதுக்கத்தில் பூ அலங்காரம் செய்த திரிஷாக்கள், அதாவது மூன்று சக்கர மிதிவண்டி ரிக்‌ஷாக்கள், நிற்கும். கட்டணத்தைப் பேசிக்கொண்டு ஏற்றிவிடுங்கள், நீங்கள் மலையிலிருந்து இறங்குவதற்குள் அவர் பழைய தெருக்களைச் சுற்றிவிட்டு வந்துவிடுவார். பிறகு சேர்ந்தே ஆற்றுப் படகில் போகலாம். அது முக்கால் மணி நேரப் பயணம்.

ஒரே தெருவில் கோயில், பள்ளிவாசல், சீனர் ஆலயம் மூன்றும் இருக்கின்றனவாமே? (சென்னை வாசகர்)

ஆம். ஆற்றைக் கடந்து ஐந்து நிமிடம் நடந்தால் போதும். பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் எழுந்தது, டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில், இங்கேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளின் தலைவர் தவிநாயகர் கட்டியது. சில அடி தள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் கட்டிய கம்போங் கெலிங் பள்ளிவாசல். அதன் மினாராவைப் பார்த்தால் சீனக் கோபுரம் என்றே நினைப்பீர்கள். கூரை மூன்று அடுக்கு. அடுத்து, 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் ஆலயம்.

பள்ளிவாசலின் பெயரிலுள்ள 'கெலிங்' என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது. பழங்காலத்தில் நம் கரையிலிருந்து போன எல்லோருக்கும் அதுதான் பெயர். இன்று ஒருவரை அப்படி அழைப்பது அவமதிப்பு. அதனால் அந்தச் சொல்லை நீங்களும் பேச்சில் எடுக்காதீர்கள்.

மலாக்கா செட்டிகள் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களா? அவர்கள் ஊரைப் பார்க்கலாமா? (காரைக்குடி வாசகர்)

அவர்கள் வேறு, இவர்கள் வேறு. நாட்டுக்கோட்டை நகரத்தார் இந்த நாட்டுக்குப் பெருமளவில் வந்தது ஆங்கிலேயர் காலத்தில். மலாக்கா செட்டிகளின் வேர் சுல்தான்கள் ஆண்ட 15-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து ஒரு பருவக்காற்றில் வந்த கப்பல், திரும்பிப்போக எதிர்த்திசைப் பருவக்காற்று வரும்வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்துக் கிடக்க வேண்டும். காத்திருந்த வணிகர்களில் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். பல கரைகளின் வணிகர்களைக் கவனிக்கச் சுல்தான் நான்கு துறைமுக அதிகாரிகளை வைத்திருந்தார். 1512 முதல் இங்கே சில ஆண்டுகள் இருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துக்கீசியர், 84 மொழிகள் இந்த ஊரில் புழங்கியதாக எழுதியிருக்கிறார்.

அந்த வணிகர்களின் வழிவந்தவர்கள் காஜா பெராங் பகுதியில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் வாழ்கிறார்கள். பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மலாய் மேற்சட்டையும் சாரோங் என்ற கைலியும், சமயம் சைவம். பெயரோடு பிள்ளை, நாயக்கர் என்று வரும். வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கும். பொங்கலுக்கு முந்தின நாள் 'பார்ச்சு' செய்வார்கள். இறந்துபோன முன்னோருக்குப் பிடித்த பண்டங்களை வாழை இலையில் பரப்பிப் படைப்பது அது. தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் குழம்பும் அருகருகே இருக்கும். நம் வீட்டுப் படையல்தான், மணம் மட்டும் வேறு.

தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். சிறிய அருங்காட்சியகமும் முத்துமாரியம்மன் கோயிலும் அங்கே உள்ளன. ஒரு வேண்டுகோள்: "ஏன் தமிழ் மறந்துவிட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். என்னுடன் வந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் அப்படிக் கேட்டுவிட்டார். பாட்டி சிரித்துச் சமாளித்தார், எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. ஐந்நூறு ஆண்டுகளாக, கப்பல் போக்குவரத்து நின்ற பிறகும், விநாயகரையும் மாரியம்மனையும் பொங்கலையும் கைவிடாமல் வைத்திருப்பவர்களிடம் கணக்குக் கேட்க நாம் யார்? "உங்கள் பொங்கலில் என்ன சமைப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

சாப்பாடு? (ஈரோடு வாசகர், சைவம்)

லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். மதியம் செண்டோல் ஒரு கிண்ணம் வாங்குங்கள். துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பச்சை நிறச் சேமியா போன்ற துண்டுகள், அவற்றின் மேல் தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுத்த, கருப்பட்டி போன்ற சர்க்கரைப் பாகு. அந்தச் சர்க்கரைக்கு இந்த ஊர்ப் பெயர்தான், குலா மலாக்கா. உடன் வருபவர்கள் அசைவம் என்றால் கோழிச்சோற்று உருண்டையைத் தேடட்டும்.

கம்போங் செட்டிக்கு எத்தனை மணிக்குப் போவது? (காரைக்குடி வாசகர், மீண்டும்)

மாலை நான்கு மணிக்கு மேல். பிற்பகல் மழை விட்டிருக்கும், பெரியவர்கள் திண்ணைக்கு வந்திருப்பார்கள். படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள்.