ஸ்பான்சர் ஐயாவிடம் எப்படிச் சொல்வது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் மூன்று பக்கம். அதில் ‘நன்றிக்கடன்’ என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. நீ படிக்க ஆசைப்படுகிற படிப்பின் பெயர் ஒரே ஓர் இடத்தில், அதுவும் கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது: ‘செவித்திறன், பேச்சு சிகிச்சை படிக்கலாமா என்று ஒரு யோசனை, தப்பாக நினைக்காதீர்கள்.’ நான் ஏன் தப்பாக நினைக்கப் போகிறேன்?

ஆறாம் வகுப்பிலிருந்து உன்னைப் படிக்கவைக்கும் ஐயா நீ இன்ஜினியர் ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார், அவர் மனம் நோகக் கூடாது என்கிறாய். அவர் எழுதியவற்றின் நகல்களை அனுப்பச் சொல்லி இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இன்ஜினியர் என்ற சொல்லே எங்கும் இல்லையேம்மா! நீ எட்டாவது படிக்கும்போது ‘கணக்குப் பாடம் எப்படிப் போகிறது?’ என்று ஒரு வரி கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு வரியை உன் அப்பா பிடித்துக்கொண்டார், சித்தப்பா அதற்கு உரை சொன்னார், நாலு வருடத்தில் அது ‘ஐயாவின் ஆசை’ ஆகிவிட்டது. கணக்கு எப்படி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்பவர்கள். உறவுக்காரப் பிள்ளைகளிடம் நானும் அதைத்தான் கேட்கிறேன்.

அந்த நகல்களோடு நீ அவருக்கு எழுதிய பதில்களும் இருந்தன. ஆறு வருடமும் அச்சடித்தது போல ஒன்றுதான்: ‘நான் நலம். நன்றாகப் படிக்கிறேன். தங்களுக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளேன்.’ ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட, உதவி பெறுகிற பிள்ளைகள் எல்லோரும் பார்த்து எழுதுவது வழக்கம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உன்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மதிப்பெண் மட்டும்தான். தம்பியின் காது மெஷின் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ‘பாடு’, ‘மாடு’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது, உதட்டைப் பார்த்துப் பழகிய தம்பிக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. சிகிச்சை தருகிற அக்கா வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தார், ‘ப’ சொன்னதும் காகிதம் ஆடியது, ‘ம’ சொன்னபோது ஆடவில்லை. தினமும் ராத்திரி நோட்டுத் தாளைக் கிழித்துவைத்துக்கொண்டு நீயும் அவனும் உட்காருகிறீர்கள். இதை எழுதிய இடத்தில் ஒரு ‘கடன்’கூட வரவில்லை, கவனித்தாயா?

படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். காதின் அமைப்பு, குரல்வளை, ஒலியின் இயற்பியல், மொழியியல், உளவியல் எல்லாம் கலந்த படிப்பு. கூடவே நோயாளிகளோடு பல மணி நேரம் நேரடிப் பயிற்சி. சில நாடுகளில் இளநிலைப் பட்டத்தோடு வேலை செய்யலாம், சில நாடுகளில் முதுநிலையும் முடித்தால்தான் உரிமம். மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, காது கருவி நிறுவனம், பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்கான மறுவாழ்வு மையம் என்று வேலை பல இடங்களில் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கேட்கும் திறன் குறைந்து சிகிச்சையோ பயிற்சியோ தேவைப்படுபவர்கள் இன்று சுமார் 43 கோடிப் பேர். 2050இல் இது 70 கோடியைத் தாண்டும். இன்னொன்று: கட்டடம் கட்டும் பொறியாளர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம். பேச்சு சிகிச்சையை அந்தக் குழந்தையின் வீட்டு மொழியில் செய்வதுதான் நல்லது. ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றையும் பிரித்துச் சொல்லித்தர தமிழ் காதில் ஊறியவர் வேண்டும்.

உன் கணக்கும் வீணாகாது. டெசிபல் என்பது மடக்கை அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்காகும். ஐயாவின் அந்தப் பழைய கேள்விக்கு இதையே பதிலாக எழுதேன்!

நன்றிக்கடன் விஷயத்துக்கு வருகிறேன். கென்யாவில் கிறிஸ் ம்புரு என்றொரு பையன். பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லை. ஸ்வீடனிலிருந்து ஹில்டே பேக் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை பணம் அனுப்பிப் படிக்கவைத்தார். பையன் சட்டம் படித்து, ஹார்வர்டு வரை போய், ஐக்கிய நாடுகள் அவையில் மனித உரிமைப் பணிக்கு வந்தார். பிறகு ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக அந்த அம்மா பெயரிலேயே ஒரு நிதியம் தொடங்கினார். அதுவரை அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை. பின்னால்தான் அந்த அம்மாவின் கதை தெரிந்தது: ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அதனாலேயே பள்ளி மறுக்கப்பட்டவர், பெற்றோரை நாஜி முகாம்களில் இழந்தவர். ம்புரு பட்ட கடன் அடுத்த பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. உன்னுடையதும் அப்படித்தான் போகும். அதற்கு இன்ஜினியரிங் கட்டாயமில்லை.

இன்னொரு பையனை எனக்கே தெரியும். ஸ்பான்சர் கணக்காளர் என்பதால் தானும் வணிகவியல் எடுத்தான். ஒட்டவில்லை, இரண்டு முறை பரீட்சையில் தோற்றான். வெட்கத்தில் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிட்டான். அந்த மனிதர் பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு வருடம் விசாரித்துக்கொண்டே இருந்தார். தோற்ற செய்தி தெரிந்ததும், ‘இதைச் சொல்லியிருக்கலாமே’ என்று மட்டும் எழுதினார். அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டும்போது பையன் தலையைத் தூக்கவே இல்லை.

இந்த வகை உதவியால் பலன் உண்டா என்று பொருளியல் அறிஞர்கள் இந்தியா, கென்யா உள்ளிட்ட 6 நாடுகளில் 10,000 பேருக்கு மேல் விவரம் திரட்டி ஆராய்ந்தார்கள். 2013இல் வெளிவந்த முடிவு: உதவி பெற்றவர்கள் சராசரியாக 1 முதல் 1½ ஆண்டு வரை கூடுதலாகப் படித்தார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த சிலர் இந்தோனேசியாவில் பிள்ளைகளை ஓவியம் வரையச் சொல்லியும் பார்த்தார்கள். உதவி பெறும் பிள்ளைகளின் ஓவியங்களில் நம்பிக்கை அதிகம் தெரிந்தது. பணம் கட்டணத்துக்கு மட்டும் போகவில்லை, ஆசைப்படும் தைரியத்துக்கும் போயிருக்கிறது. நீயோ அந்த ஆசையைத்தான் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறாய்.

சரி, இனி வேலை. கரும்பலகையை மறந்துவிட்டு ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுது. தம்பி, காகிதம், சிகிச்சை அக்கா எல்லாம் அதில் வரட்டும். அப்புறம் படிப்பின் பெயர், எத்தனை வருடம், ஏறத்தாழ என்ன செலவு என்று நேராகச் சொல். ‘தாங்கள் அனுமதித்தால்’ என்று எழுதாதே. ‘இதைப் பற்றித் தாங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய ஆசை’ என்று எழுது. அனுமதி கேட்பது வேறு, கருத்துக் கேட்பது வேறு.

அனுப்பும் முன் ஒரு காரியம். இந்த உதவி பள்ளியோடு நின்றுவிடுமா, கல்லூரிக்கும் தொடருமா என்று உதவியை நடத்தும் அமைப்பிடம் எழுத்தில் கேள். தொடரும் என்று வீட்டில் நீங்களாகவே முடிவுகட்டிக்கொண்டது போலத் தெரிகிறது. தொடர்ந்தாலும் கல்விக் கட்டணம் மட்டுமா, விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், பயிற்சிக்குப் போய்வரும் செலவும் சேர்த்தா என்று தனித்தனியாகக் கேள். நான் பார்த்தவரை பிள்ளைகள் பாதியில் தடுமாறுவது இந்தச் சில்லறைச் செலவுகளில்தான். ஐயா மறுத்தாலோ உதவி நின்றாலோ கல்லூரி உதவித்தொகை, கல்விக்கடன் இரண்டையும் பார்ப்போம். அதற்கான தாள்களை இப்போதே தயார் செய்.

அப்பாவிடம் நானே பேசுகிறேன். ஐயாவின் கடித நகல்களை அவர் முன்னால் வைத்து, இன்ஜினியர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்கப்போகிறேன். கோபப்பட மாட்டார், சிரித்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

தம்பியைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகும் அடுத்த முறை, அந்த அக்காவிடம் அனுமதி கேட்டு ஒரு முழு நாள் ஓரமாக உட்கார்ந்து பார். அழுகிற குழந்தை, வாயே திறக்காத குழந்தை, ஆறு மாதமாக ஒரே எழுத்தில் நிற்கும் குழந்தை எல்லாம் வரும். சாயங்காலமும் இதே ஆசை இருக்கிறதா என்று எனக்கு எழுது. இந்தத் தடவை முதல் பக்கத்திலேயே.